சந்தோஷ் டிராபி கிராமம் பிறந்த கதை

2018 ஏப்ரல் 1. உயிர்ப்பு ஞாயிறு. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் பெனால்டிக்கு வந்து நிற்கிறது. ஒரு பக்கம் மேற்கு வங்கம்: அதுவரை 32 முறை இந்தக் கோப்பையைத் தூக்கிய அணி, நடப்புச் சாம்பியன், சொந்த மண், சொந்தக் கூட்டம். மறுபக்கம் 2004க்குப் பிறகு கோப்பையைத் தொட்டே பார்க்காத கேரளம். வங்கத்தின் முதல் இரண்டு உதைகளையும் கேரளத்தின் கோலி மிதுன் தடுத்துவிட்டார். கேரளத்தில் ராகுல் வி. ராஜ், ஜிதின் கோபாலன், ஜெஸ்டின் ஜார்ஜ் மூவரும் வலைக்குள் அடித்துவிட்டார்கள். நாலாவதாக வந்தவர் பெயர் சீசன். பருவம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஆளின் பெயரே அதுதான். அவரும் அடித்தார். 4-2. ஆட்டம் முடிந்தது.

அந்த நாலாவது உதையை அடித்த கால், பாறசாலைக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடைசிக் கடற்கரையான பொழியூரில் பழகிய கால். கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஊருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'சந்தோஷ் டிராபி கிராமம்'. ஒரு கோப்பையின் பெயரை ஒரு மீன்பிடி ஊர் எப்படிச் சம்பாதித்தது என்பதுதான் இந்தக் கதை.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் குழித்துறை தாண்டியதும் கேரளத்துக்குள் நுழைவார்கள். முதலில் வருவது பாறசாலை. அங்கே இறங்கித் தெற்கே கடலைப் பார்த்துப் போனால், ரப்பரும் வாழையும் மரச்சீனியும் கழிந்து, தென்னையும் மணலும் தொடங்கும் இடத்தில் பொழியூர். பக்கத்தில் பூவாற்றில்தான் நெய்யாறு கடலில் கலக்கிறது. ஆறோ காயலோ மணல்திட்டை உடைத்துக் கடலோடு சேரும் வாய்க்கு இந்தப் பக்கத்தில் பொழி என்று பெயர். கிழக்கே நாலு எட்டு வைத்தால் நீரோடி. அது தமிழ்நாடு, குமரி மாவட்டம். நடுவில் மலையோ ஆறோ கிடையாது. ஒரே மணல்தான் தொடர்ந்து போகிறது. 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்தன் விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இந்த ஊர்களையெல்லாம் ஒரு நூலில் கோத்த மாதிரி ஓடியது. இன்று பல இடங்களில் பாசியும் குப்பையுமாக அடைபட்டுக் கிடக்கிறது. எல்லையின் இரண்டு பக்கத்திலும் ஒரே வேதக்காரர்கள், ஒரே தொழில், கொள்வினை கொடுப்பினை உண்டு. பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிறந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டு பக்கத்திலும் கடற்கரைக்குக் 'கடப்புறம்' என்றுதான் பெயர்.

கோப்பையின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. சந்தோஷ் டிராபி என்று கேட்டதும் தமிழ்க் காதுக்கு மகிழ்ச்சி என்று படும். உண்மையில் அது ஊர்ப் பெயர். கிழக்கு வங்கத்தில் டாங்காயில் பக்கம் சந்தோஷ் என்று ஒரு ஜமீன். அதன் ராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி, கொல்கத்தாவிலிருந்து நடந்த இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவர் காலமான பிறகு அவர் நினைவாக 1941இல் மாநிலங்களுக்கிடையிலான போட்டி தொடங்கியது. முதல் ஆண்டே வங்கம் டெல்லியை 5-1 என்று வென்று கோப்பையை வீட்டிலேயே வைத்துக்கொண்டது. ஆறு வருஷத்தில் நாடு பிரிந்தது. சந்தோஷ் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது.

இனி மணல்.

கடப்புறத்தில் பந்து விளையாடுவதைப் பார்த்திருக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் பந்து உருளாது. அடித்த இடத்திலிருந்து இரண்டடி போய்ப் புதையும். அலை ஏறி இறங்கிய ஈர மணல் மட்டும் தரைபோல இறுகிக் கிடக்கும். அதனால் வற்றம் பார்த்துத்தான் ஆட்டம் தொடங்கும். மைதானத்தின் ஒரு பக்கக் கோடு கடல். அந்தக் கோடு நிமிஷத்துக்கு நிமிஷம் நகரும். மறுபக்கம் இழுத்து ஏற்றிய வள்ளங்களும் காயப்போட்ட வலையும். கோல்கம்பத்துக்கு இரண்டு துடுப்பைக் குத்தி வைத்தால் போதும். பூட்ஸ் கிடையாது. பந்து அலைக்குள் போனால் கடைசியாகத் தொட்டவன் நீந்திப் போய் எடுத்து வர வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இப்படி விளையாடிப் பழகியவனுக்கு இரண்டு காரியம் தானாக வரும். ஒன்று, பந்தைக் காற்றிலேயே வைத்திருக்கும் பழக்கம். மணலில் விழுந்தால் செத்துப்போகும் பந்தை நெஞ்சிலோ தொடையிலோ வாங்கி, விழுவதற்கு முன் அனுப்பிவிட வேண்டும். இரண்டு, கெண்டைக்கால். மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதைந்து எழ வேண்டும். கரைமடி வலை இழுப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வடத்தைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னாலேயே நடப்பார்கள். அப்பன் அந்த வடத்தில் வளர்த்த தசையை மகன் பந்தில் வளர்க்கிறான். இந்தப் பையன்களைக் கொண்டுபோய் முதன்முறையாகப் புல் தரையில் விட்டால், கட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடுவார்கள்.

மணல் இருந்தால் மட்டும் போதுமா? இந்தியாவுக்கு நீளமான கடற்கரை இருக்கிறது. எல்லா மீனவ ஊரும் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரனைப் பெறவில்லை. இங்கே பந்தைக் கட்டிக் காத்தது கோயில். கடலோர லத்தீன் கத்தோலிக்க ஊர்களில் பங்குக்கோயில்தான் பஞ்சாயத்து, கோயில் முற்றம்தான் பொது மைதானம். புனிதர் பெயரில் ஒரு கிளப், அதற்கு ஒரு நூலகம், ஒரு பந்து, திருநாளுக்கு ஒரு டூர்னமென்ட். பொழியூரின் கிளப்பும் அப்படித்தான். புனித மத்தேயுவின் பெயரில் இருக்கிறது. ஊருக்கு ஊர் போட்டி என்றால் வெறும் விளையாட்டு இல்லை. கடலில் வலை சிக்கியதற்கு வந்த சண்டையும் மீன் விலைத் தகராறும் அந்தத் தொண்ணூறு நிமிஷத்தில் ஒருவிதமாகத் தீரும், சில சமயம் கூடும். மலபாரில் 'செவன்ஸ்' பந்தாட்டத்துக்கு டிக்கெட் வைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்குமதி செய்து நடத்துகிறார்கள். தெற்குக் கடற்கரையில் அந்தப் பகட்டு இல்லை. பார்க்க வருகிறவனும் ஆடுகிறவனும் ஒரே குடும்பம்.

திருவிதாங்கூருக்குக் கால்பந்து வந்தது ஒரு கல்லூரி வழியாக என்பார்கள். 1890 வாக்கில், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், வேதியியல் வாத்தியார் ஒருவர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாராம். கல்லூரியிலிருந்து கடப்புறத்துக்குப் பந்து உருண்டு வந்தது. ஆனால் இங்கே அது தங்கியதற்குக் காரணம் கல்லூரி இல்லை, வேலை.

இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாழ்க்கை முழுக்கக் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கு மீனவப் பையனுக்குப் பல வழிகள் இல்லை. படித்து அரசு வேலைக்குப் போகலாம்; பள்ளிக்கூடம் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகலாம், கையில் காசு வேண்டும். மூன்றாவது வழியாகப் பந்து இருந்தது. திருவனந்தபுரத்தில் டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஒரு அணி. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கு ஒரு அணி. கேரள போலீஸுக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, ஏஜீஸ் ஆபீஸுக்கு ஒன்று. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நாற்காலியும் மாதச் சம்பளமும். கேரள போலீஸ் 1990இல் திருச்சூரில் சல்காவ்கரை வீழ்த்தி பெடரேஷன் கோப்பையை வென்றதும், அடுத்த ஆண்டு அதைத் தக்கவைத்ததும், காக்கிச் சட்டைக்கும் பந்துக்கும் இருந்த உறவால்தான். வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், பாப்பச்சன், ஷரபலி எல்லாம் அந்த அணியில் ஆடியவர்கள்; அவர்களில் பலர் போலீஸ்காரர்களாகவே ஓய்வுபெற்றார்கள். பொழியூர்ப் பையன் இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தான். பக்கத்து வீட்டு அண்ணன் பந்தடித்து பேங்கில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், 'படிக்காம என்னலே பந்து களி' என்று அடிக்க அம்மாவுக்குக் கை ஓங்காது. சீசனும் ஸ்டேட் பேங்க் அணியில் ஆடியவர்தான்.

இங்கேதான் எல்லைக்கோடு கதைக்குள் வருகிறது.

1956 நவம்பர் 1 வரை இந்தக் கடற்கரை முழுவதும் ஒரே ராஜ்ஜியம், திருவிதாங்கூர்; பிறகு சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியது. கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் குமரி மாவட்டமாக வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவே விழுந்தது.

மொழிக்காகப் போட்ட கோடு மொழியை ஒன்றும் செய்யவில்லை. பாறசாலைச் சந்தையில் இன்றும் இரண்டும் கலந்துதான் ஒலிக்கிறது. கோடு மாற்றியது தூரத்தை. பொழியூருக்குத் தலைநகரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் பஸ் ஏறி அணித் தேர்வில் ஆடிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீன்குழம்போடு சோறு தின்னலாம். நீரோடிப் பையனுக்கும் அதே திருவனந்தபுரம்தான் பக்கம். ஆனால் 1956க்குப் பிறகு அவனுடைய தலைநகரம் சென்னை; எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள் என்று நல்ல அணிகள் இருந்தன. தேர்வுக்குப் போக ஒரு ராத்திரி ரயில், தங்க ஓர் இடம், திரும்ப ஒரு ராத்திரி. அழைப்பு வந்து சேர்வதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். சந்தோஷ் டிராபியைக் கேரளம் 7 முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒருமுறைகூட வென்றதில்லை. மணல் ஒன்றுதான், மீன் ஒன்றுதான், கெண்டைக்காலும் ஒன்றுதான். இந்த 7க்கும் சுழிக்கும் நடுவே இருப்பதில் பெரும்பங்கு அந்த ராத்திரி ரயில்தான் என்பது என் கணக்கு. 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்ற பெயர் பொழியூருக்கு விழுந்து நீரோடிக்கு விழாமல் போனது 1956 நவம்பர் 1 அன்றே முடிவாகிவிட்டது.

கேரளத்துக்கும் கோப்பை லேசில் கிடைத்ததில்லை. மாநிலம் பிறந்து பதினேழு வருஷம் காத்திருந்து, 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் முதல் வெற்றி. ரயில்வேக்கு எதிராக 3-2. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டவை. அந்த அணியைப் பழக்கியவர் ஒரு தமிழர், 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தர்ராஜ். பிறகு நீண்ட வறட்சி. 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நாலு வருஷம் இறுதிக்கு வந்து நாலிலும் தோற்றார்கள். பஞ்சாபிடம், வங்கத்திடம், கோவாவிடம், மகாராஷ்டிரத்திடம். இதைவிட ஓர் அணியைச் சோதிக்க முடியாது. 1992இல் சத்யன் தலைமையில் கோவாவை 3-0 என்று நொறுக்கியது எங்கே தெரியுமா? கோயம்புத்தூரில். அடுத்த வருஷம் கொச்சியில், 2002இல், 2004இல் என்று வந்தது. அதோடு நின்றது.

பிறகு இந்தியன் சூப்பர் லீக் வந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் கிளப்புகளுக்குப் போனார்கள். சந்தோஷ் டிராபியில் யார் ஆடுகிறார்கள் என்று கேட்க ஆளில்லை. அதில் ஆடுகிறவர்கள் வங்கிக் குமாஸ்தாக்களும் கல்லூரிப் பையன்களும். சரியாகச் சொன்னால், 1941இல் அது எப்படித் தொடங்கியதோ அந்த நிலைக்கே திரும்பி வந்தது. வெற்றி எளியவன் பக்கம் சாய்வதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஆனால் 2018க்கு முன்னால் 2017 நவம்பர் 30 வந்தது. ஓகி.

இந்தக் கரையில் அந்தத் தேதியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முன்னறிவிப்பு சரியாக எட்டாமல் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் மேல் புயல் விழுந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கிப் பொழியூர் வழியாக நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை வரை ஒரே ஒப்பாரி. இரண்டு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்காத வீடுகள் அதிகம்.

அடுத்த ஜனவரியில் பெங்களூருவில் சந்தோஷ் டிராபி தகுதிச் சுற்று. கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் ஒரே பிரிவு. ஆந்திரத்துக்கு எதிராகக் கேரளம் 7-0. தமிழ்நாட்டோடு கோல் இல்லாமல் சமன். கோல் வித்தியாசத்தில் கேரளம் மேலே போனது, தமிழ்நாடு வீட்டுக்கு வந்தது. அந்த ஓர் ஆட்டத்தில் தமிழ்நாடு ஒரு கோல் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பயிற்சியாளர் சதீவன் பாலன் திருவனந்தபுரத்துக்காரர். காலிக்கட் பல்கலைக்கழக அணியைப் பழக்கி அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டங்கள் எடுத்துக்கொடுத்தவர். கல்லூரிப் பையன்களை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பது அவருக்குக் கைவந்த கலை. கொல்கத்தாவுக்குக் கொண்டுபோன அணியில் பலர் புதுமுகங்கள். சண்டிகரை 5-1, மணிப்பூரை 6-0, மகாராஷ்டிரத்தை 3-0. கடைசிப் பிரிவு ஆட்டத்தில் வங்கத்தையே 1-0, கே.பி. ராகுல் ஆட்டம் முடியும் தறுவாயில் போட்ட கோல். நாலு ஆட்டத்தில் 15 கோல் போட்டு ஒன்று மட்டும் வாங்கியிருந்தார்கள். அரையிறுதியில் மிசோரமுக்கு எதிராக அப்தல் போட்ட ஒற்றைக் கோல் போதுமானதாக இருந்தது.

அதே வாரம் பூமியின் அந்தப் பக்கத்திலும் ஒரு சின்னக் கத்தோலிக்க அணி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தன் பிரிவில் பதினோராம் தரவரிசையில் இருந்த லயோலா சிகாகோ, பெரிய பெரிய கல்லூரிகளைச் சாய்த்துக் கடைசி நான்குக்குள் வந்துவிட்டது. அந்த அணியின் ஆன்ம குரு 98 வயதான கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஜீன். சக்கர நாற்காலியில் வந்து ஜெபமும் சொல்வார், எதிரணியின் பலவீனம் எது என்றும் சொல்வார். மார்ச் 31 இரவு மிச்சிகனிடம் 69-57 என்று லயோலா தோற்றது. நமக்கு அப்போது ஈஸ்டர் விடியற்காலை. இங்கே கடலோரக் கோயில்களில் பாஸ்கா திருப்பலி முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிகாகோவுக்குக் கிடைக்காதது அன்று பகலில் பொழியூருக்குக் கிடைக்கப்போகிறது என்று எந்த சிஸ்டரும் சொல்லியிருக்க முடியாது.

இறுதியாட்டம். ஐந்து மாதத்துக்கு முன் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி நடந்த அதே சால்ட் லேக் புல். 19ஆம் நிமிஷத்தில் ஜிதின் எம்.எஸ். கேரளத்துக்கு முதல் கோல். இரண்டாம் பாதியில் ஜிதேன் முர்மு சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 117ஆம் நிமிஷம், விபின் தாமஸ் தலையால் முட்டினார். கேரளம் மறுபடி முன்னால். மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். தாக்குப்பிடிக்கவில்லை. கடைசி மூச்சில் வங்கத்துக்கு ஒரு ஃப்ரீகிக், தீர்த்தங்கர் சர்க்கார் வளைத்து உள்ளே அனுப்பினார். 2-2. அப்போது கேரளத்தின் பழைய ரசிகர்களுக்கு வயிற்றைப் புரட்டியிருக்கும். 1989இலும் 1994இலும் இதே வங்கத்திடம், இதே இறுதியாட்டத்தில், இதே பெனால்டியில் தோற்ற கணக்கு பாக்கி இருக்கிறது.

மிதுன் இரண்டைத் தடுத்தார். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். தோற்கடித்தது 32 முறை சாம்பியனை, அவர்கள் வீட்டு வாசலில். வேலை இல்லாதிருந்த 11 ஆட்டக்காரர்களுக்குக் கேரள அரசு வேலை அறிவித்தது. கடப்புறத்துப் பையன்களுக்கு அந்த ஒரு வரிச் செய்தி கோப்பையைவிடப் பெரிது. அடுத்த ஆண்டு கேரள அணிக்குக் கேப்டனாகப் போனவர் சீசன். ஊரின் பட்டப்பெயருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கோட்டுக்கு இந்தப் பக்கத்தை, தமிழ்நாட்டுப் பக்கத்தை, விட்டுவிட்டால் கதை பாதிதான். பொழியூரிலிருந்து கரையோரமாக நடந்தே போய்விடக்கூடிய இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்கு ஆடி, 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கி, சூப்பர் லீக்குக்குப் போய், 2019இல் இந்தியாவுக்கும் ஆடினார். அவர் விட்டுப்போன சென்னை சிட்டி அடுத்த பருவத்தில் செய்தது இன்னொரு அதிசயம். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இருந்த ஐ-லீக்கில் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்திருந்த அந்த அணி, 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக மூன்றாவது நிமிஷமே கோல் வாங்கிவிட்டுப் பின்னால் நின்றது. பிறகு மான்சியின் பெனால்டி, கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து, 43க்கு 42 என்று சாம்பியன். அந்த அணியின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்துப் பையன், 1996இல் பிறந்தவர். முழுப்பெயர் அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ். 1994 உலகக் கோப்பையைப் பிரேசில் தூக்கியபோது முன்னால் நின்ற ரொமாரியோவை நினைவிருப்பவர்களுக்கு, அந்தப் பெயர் ஞானஸ்நானத் தொட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று விளக்க வேண்டாம்.

ஆக, எல்லைக்கு அந்தப் பக்கம் 2018 ஏப்ரல், இந்தப் பக்கம் 2019 மார்ச். ஒரு வருஷத்துக்குள், ஓகி அடித்த ஒரே கரையின் பிள்ளைகள் இரண்டு இந்தியப் பட்டங்களில் பங்கு வாங்கினார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மைதானம் நிரந்தரமில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் ஏறி மணலை அள்ளிக்கொண்டு போகிறது. பொழியூரிலும் நீரோடியிலும் வீடுகள் போயிருக்கின்றன, ரோடு போயிருக்கிறது. கல்லைப் போட்டுக் கடலைத் தடுக்கும் இடத்தில் பந்து விளையாட முடியாது. பையன்களுக்குக் கரைக்கு உள்ளே புல் மைதானம் வேண்டும். அந்தப் பக்கம் அதைக் கேட்க அவர்களுக்குச் சட்டசபை பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காக நான் கேட்கிறேன். தமிழ்நாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கிறவர்களும், ஒதுக்கீட்டு வேலைக்கு ஆள் பார்க்கிற துறைகளும், தேர்வைச் சென்னையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஒரு ராத்திரி ரயிலை நீங்கள் ஏறுங்கள். குழித்துறையில் இறங்கி, தூத்தூர் பஸ் பிடித்துக் கடப்புறத்துக்கு வாருங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் வந்தால் போதும், அதற்கு முன் மணல் சுடும்.